எச்டிஎல் குறைவு: ஜீன் பெயர்களுக்கு முன் துகளின் பயணத்தைப் படியுங்கள்

பயோகெமிஸ்ட்ரி வைவாவில் ஒரு லிப்பிட் ரிப்போர்ட்டை என் முன் வைத்தார்கள். 34 வயதுப் பெண், எச்டிஎல் (கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்கு எடுத்துச் செல்லும் துகள், 'நல்ல கொலஸ்ட்ரால்') 36, ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) 260. "எச்டிஎல் ஏன் குறைஞ்சிருக்கு?" என்று தேர்வாளர் கேட்டதும், மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜீன் பெயர்களை வரிசையாக ஒப்பித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ட்ரைகிளிசரைடைப் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் படித்த முறை இது. ஒரு முழுத் தாளில் ஓர் எச்டிஎல் துகள் பிறந்து அழியும் வரை வரைந்துவிடுங்கள். கல்லீரலும் குடலும் ஏபிஓ-ஏ1 புரதத்தை வெளிவிடுகின்றன. செல் சவ்விலுள்ள ஏபிசிஏ1 என்ற புரதம் அதில் கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. எல்கேட் நொதி அந்தக் கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்தோடு சேர்த்து எஸ்டராக்க, தட்டையான துகள் உருண்டையாகிறது. சிஇடிபி என்ற புரதம் எஸ்டரைக் கொடுத்து, விஎல்டிஎல்லிடமிருந்து (கல்லீரல் அனுப்பும், ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்) ட்ரைகிளிசரைடை வாங்குகிறது. கல்லீரலின் எஸ்ஆர்-பி1 ஏற்பி மிச்சச் சரக்கை இறக்கிக்கொள்கிறது.

இப்போது ஒவ்வொரு அம்புக்குறியாக அடித்துப் பாருங்கள். ஏபிசிஏ1 ஜீனின் இரண்டு பிரதிகளும் கெட்டால் எச்டிஎல் கிட்டத்தட்ட இருக்காது. டான்சில்கள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கும். வர்ஜீனியாவின் டான்ஜியர் தீவின் பெயரால் அழைக்கப்படும் நோய் இது. காரணமான ஜீன் 1999இல் தெரியவந்தது. சிஇடிபி இல்லாவிட்டால் நேர்மாறாக எச்டிஎல் 100ஐத் தாண்டும். படம் கையில் இருந்தால் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், தானே வரும்.

ஆனால் இவை அரிய நோய்கள். எச்டிஎல் அளவின் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி பரம்பரையால் வருகிறது என்றாலும், பெரும்பாலோரிடம் அது பல ஜீன்களின் சின்னச் சின்னப் பங்கு. அதன் மேல் வளர்சிதை மாற்றம் வந்து உட்காருகிறது. அந்த ரிப்போர்ட்டின் விடையும் அதுதான். இன்சுலின் எதிர்ப்பால் (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை) கல்லீரல் விஎல்டிஎல்லை அதிகமாக அனுப்புகிறது. சிஇடிபி எச்டிஎல்லுக்குள் ட்ரைகிளிசரைடைத் திணிக்கிறது. கல்லீரலின் கொழுப்பு உடைக்கும் நொதியான ஹெபாட்டிக் லைப்பேஸ் அதை உடைக்க, துகள் சிறுத்து, கழன்ற ஏபிஓ-ஏ1 சிறுநீரகத்தில் அழிகிறது. இளம் பெண் என்றால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பெண்களுக்கு வரம்பே வேறு: ஆண்களுக்கு 40க்குக் கீழே குறைவு, பெண்களுக்கு 50க்குக் கீழே. ஈஸ்ட்ரோஜன் ஏபிஓ-ஏ1 உற்பத்தியைக் கூட்டி, ஹெபாட்டிக் லைப்பேஸைக் குறைக்கிறது. ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் அந்த லைப்பேஸைக் கூட்டுகிறது. மாத்திரையாக எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் எச்டிஎல்லோடு ட்ரைகிளிசரைடையும் ஏற்றும். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள்.

"அப்போ எச்டிஎல்லைக் கூட்டினால் மாரடைப்பு குறையுமா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். சிஇடிபியைத் தடுக்கும் டார்செட்ராபிப் எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு கூடியதால் 2006இல் சோதனையை நிறுத்தினார்கள். பிறவியிலேயே எச்டிஎல்லைச் சற்றுக் கூட்டும் எண்டோதீலியல் லைப்பேஸ் (ரத்தக்குழாய் உட்சுவரின் நொதி) ஜீன் மாற்றம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரிந்தது.

சரி, ரிப்போர்ட் கையில் வந்தால்? முதலில் ட்ரைகிளிசரைடு. பிறகு சர்க்கரை, இடுப்பளவு, புகைபிடித்தல், மாதவிடாய், எடுக்கும் மருந்துகள். ட்ரைகிளிசரைடு சரியாக இருந்து, வேறு காரணமும் இல்லாமல், எச்டிஎல் 20க்கும் கீழே நின்றால் ஒற்றை ஜீன் நோய்களைப் பேச ஆரம்பியுங்கள். டான்சிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.