பறக்கும் ரயிலும் 230 வோல்ட்டும்

ஜூலை 3, 2025

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் பத்து வயதுப் பையனை இன்றுதான் சரியாகக் கவனித்தேன். தி.நகர் துணிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கும் அவனுடைய அம்மா இரவு எட்டரை மணிக்குத் திரும்பும்வரை, வீட்டுச் சாவி கழுத்தில் தொங்கினாலும் உள்ளே போகாமல், படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். தெருப் பையன்களோடு நான் ஆடும் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டேன். “எனக்கு வராது அங்கிள்” என்றான். 38 வயதிலும் அவுட் கொடுத்தால் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற என்னை அங்கிள் என்பதா? “அண்ணா” என்று திருத்தினேன். அவன் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜூலை 5

அவனிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய, பெரும்பாலும் மேம்பாலத்திலேயே போகும் சென்னையின் பறக்கும் ரயில், 2007இல் வேளச்சேரியைத் தொட்டது வரை அதில் எழுதி வைத்திருக்கிறான். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டான். ஆறு மாதமாக அம்மாவின் பென்ஷனில் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வாய் வராமல், அந்த ரயிலை ஓட்டுவதே நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

“மேல போற கம்பியில எவ்வளவு வோல்ட் அங்கிள்?”

“வீட்டுக்கு வர்ற அதே 230தான்டா.”

என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடினான்.

ஜூலை 6, ஞாயிறு

அவன் அம்மாவிடம் அனுமதி பெற்று, வேளச்சேரிக்குப் போய் அங்கிருந்து கடற்கரை வரை ஒரே ரயிலில் வந்தோம். ஜன்னலோர இருக்கைக்கு ஓடிப்போய் நான் உட்கார்ந்துகொண்டேன். பிறகு வாசலில் தொங்கியபோது சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தவன் அவன். ராயபுரத்தில் தனியாக இருக்கும் அவனுடைய அப்பா, முன்பெல்லாம் கடற்கரையில் வண்டி மாறி ஞாயிறுதோறும் வருவாராம். எழும்பூர் வரையிலான நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் 14 மாதங்கள் இந்த ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றபோது, அவர் வருவதும் நின்றுவிட்டது.

“அக்டோபர்ல லைன் திறந்துட்டாங்க. அப்புறமும் வரல” என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவனும் முயன்றான், எச்சில்தான் தெறித்தது.

ஜூலை 12

மாலையில் அவனுடைய அம்மா எங்கள் வாசலில் நின்று, “சார் ரயில் ஓட்டுறீங்களாமே, இன்னைக்கு டூட்டி இல்லையா?” என்று கேட்டார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா முறத்தைக் கீழே வைத்து, “யாரு, இவனா?” என்று ஆரம்பித்தார்.

“லீவுல இருக்காரும்மா” என்றான் பையன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அவர் மாடியேறிய பிறகு என்னருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, “25,000 வோல்ட் அண்ணா. வேற யாராவது கேட்டா மாத்திச் சொல்லிடாதீங்க” என்றான்.