மூன்றுக்கு ஒன்று: அவலான் ஹில் காலத்து அட்டைப் போர்கள்

வரைபடத்தின் மேல் சிறு அட்டை வில்லைகளைப் படைகளாக நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு இது. எதிரியின் வில்லை மதிப்பு 4. மேட்டில் நிற்பதால் காப்பு இரட்டிப்பாகி 8. அதன் பக்கத்துக் கட்டங்களுக்கு உங்களால் கொண்டுவர முடிந்த படைகளின் கூட்டுத்தொகை 23. வகுத்துப் பார்த்தால் 2.875. மூன்றுதானே என்று மனசு சொல்லும். விதிப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது. மீதி எவ்வளவு இருந்தாலும் காப்பவருக்குச் சாதகமாகக் கீழே இறக்கிவிடும். ஆகவே இது 2:1 தாக்குதல். எங்கிருந்தாவது இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் 24, அப்போதுதான் 3:1. அந்த ஒரு புள்ளியைத் தேடி வரைபடம் முழுக்கக் கண்ணை ஓட்டுவதுதான் 1960-களின் போர் விளையாட்டு. பழைய பெட்டிகளுக்காக இன்றும் சிலர் ஏங்குகிறார்கள் என்றால் பாதி ஏக்கம் இந்தக் கணக்கின் மேல்தான்.

அந்த ஒரு புள்ளி ஏன் முக்கியம்? பகடை உருட்டிச் சண்டையின் முடிவைப் பார்க்கும் அக்காலத்து அட்டவணையில் 2:1 பத்தியில் பகடையின் ஆறு முகங்களில் ஒன்று தாக்கியவரையே மொத்தமாக அழித்துவிடும். 3:1 பத்தியில் அந்த முகம் கிடையாது. ஆறில் ஒன்று சின்ன ஆபத்தாகத்தான் தெரியும். ஆனால் ஐந்து இடங்களில் 2:1 தாக்கினால், ஒரு முறையாவது அந்த முகம் விழ வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். ஒரே வில்லையில் 7 புள்ளி வைத்திருக்கும் பான்சர் (ஜெர்மன் டாங்கி) ரெஜிமென்ட்டை அப்படி இழந்தால் ஆட்டமே கிட்டத்தட்ட முடிந்தது. அதனால்தான் தேர்ந்தவர்கள் 2:1 பக்கமே போகமாட்டார்கள். ஒரு 3:1-ம் ஒரு மிக மோசமான தாக்குதலும் சேர்ந்து இரண்டு 2:1-ஐவிட நல்லது. அந்த மோசமான தாக்குதல் எதற்கு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வகை ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் சார்ல்ஸ் எஸ். ராபர்ட்ஸ். 1954-இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற ஆட்டத்தை அஞ்சல்வழி விற்றார். 1958-இல் பால்ட்டிமோரில் அவலான் ஹில் நிறுவனம் அமைந்தது, ‘கெட்டிஸ்பர்க்’ வந்தது. அதில் அறுகோணம் கிடையாது, சதுரக் கட்டங்கள்தான். 1961 பதிப்பில் அறுகோணம் புகுந்தது. 1964 பதிப்பில் திரும்பவும் சதுரத்துக்கே போய்விட்டார்கள். மற்ற ஆட்டங்களில் அறுகோணம் நிலைத்துவிட்டது. காரணம் எளிது. சதுரத்தில் மூலைவிட்டமாக ஒரு கட்டம் நகர்ந்தால் உண்மையில் 1.41 கட்டத் தூரம் போகிறீர்கள். அறுகோணத்தில் ஆறு பக்கத்துக் கட்டங்களும் நடுவிலிருந்து ஒரே தூரம். எந்தத் திசையில் போனாலும் ஏமாற்று இல்லை.

வில்லை என்பது அரை அங்குலச் சதுர அட்டை. நடுவில் ஒரு பெட்டிக் குறி: பெருக்கல் குறி போட்டிருந்தால் காலாட்படை, முட்டை வடிவம் இருந்தால் டாங்கிப் படை, ஒற்றைச் சாய்வுக்கோடு என்றால் குதிரைப்படை அல்லது உளவுப் படை. பெட்டிக்கு மேலே அளவு: மூன்று எக்ஸ் என்றால் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்தது), இரண்டு என்றால் டிவிஷன், ஒன்று என்றால் பிரிகேடு. கீழே எண்கள்: தாக்குதல், காப்பு, நகர்வு. 7-7-10 என்று பார்த்தவுடன் அது ஜெர்மன் டாங்கி ரெஜிமென்ட் என்று பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆரம்பக்கால அவலான் ஹில் வில்லைகள் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும். ஹிட்லரின் படை பிங்க் நிறத்தில் அணிவகுக்கும் காட்சியை வேறெங்கும் பார்க்க முடியாது.

இனி, அந்த மோசமான தாக்குதல். ஒவ்வொரு வில்லைக்கும் அதைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களிலும் ஆதிக்கம் உண்டு. எதிரி அந்த வளையத்துக்குள் கால் வைத்தால் நின்றே ஆகவேண்டும். அந்தக் காலத்து அவலான் ஹில் விதிகளில் நின்றால் மட்டும் போதாது, சண்டையும் போட்டாக வேண்டும். உங்கள் படை ஒட்டி நிற்கும் எதிரி வில்லை ஒவ்வொன்றையும் யாராவது தாக்கியிருக்க வேண்டும். யார் யாரைத் தாக்குவது என்று பிரித்துக்கொள்வது உங்கள் விருப்பம். எதிரே இரண்டு படைகள், ஒன்றின் காப்பு 4, மற்றது இரட்டிப்பான பிறகு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 15 புள்ளி. எல்லாவற்றையும் சேர்த்து இரண்டையும் தாக்கினால் 15-க்கு 16, அதாவது 1:2. அதற்குப் பதிலாக 3 புள்ளியுள்ள ஒரு சோப்ளாங்கி வில்லையை 12-க்கு எதிரே காவு கொடுங்கள், 1:4. மீதி 12 புள்ளியும் அந்த 4 மேல் பாயும், 3:1. காவு போன வில்லை பெரும்பாலும் அழியும், அதிர்ஷ்டம் இருந்தால் பின்வாங்கித் தப்பும். இதற்கு சோக்-ஆஃப் என்று பெயர். ஆட்டத்தின் பாதித் திறமை இதுதான். எந்த உண்மைத் தளபதியும் இப்படிப் போரிட்டதில்லை என்ற விமர்சனம் அப்போதே உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் விளையாட்டாக இது அபாரம்.

புதியவர்கள் வழக்கமாக விழும் குழி இரண்டு. முதலாவது, ‘எக்ஸ்சேஞ்ச்’ முடிவு. காப்பவர் அழிவார், தாக்கியவர் குறைந்தது அதே மதிப்புள்ள படையை இழக்க வேண்டும். 2 புள்ளிப் படையைத் தாக்க ஒரே ஒரு 7 புள்ளி வில்லையை அனுப்பியிருந்தால், சில்லறை இல்லாமல் 7 புள்ளியையும் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். எந்தத் தாக்குதலிலும் ஒரு சின்ன வில்லையைக் கூடச் சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது, பின்வாங்கல். ‘இரண்டு கட்டம் பின்னே’ என்று வந்தால் எந்த வழியாகப் பின்வாங்குவது என்பதை வென்றவர்தான் தீர்மானிப்பார், போகிற வழியில் எதிரியின் ஆதிக்க வளையம் மட்டுமே இருந்தால் அந்தப் படை அழிந்தது. ஆகவே தாக்குவதற்கு முன் பின்புறம் ஓரிரு வில்லைகளை அனுப்பி வழியை அடைத்தால், சாதாரணப் பின்வாங்கல் முடிவுகள் எல்லாம் அழிவாக மாறும். பகடையில் எதுவும் மாறவில்லை, பலன் மட்டும் இரட்டிப்பு.

இந்த எலும்புக்கூட்டின் மேல் சதை அழகாக ஏறிய ஆட்டம் 1964-இல் வந்த ‘ஆஃப்ரிகா கோர்’. வட ஆப்பிரிக்கப் போர்தான் களம், 1941 ஏப்ரலில் தொடங்கும். ஒரு நகர்வு, அதாவது ஒரு சுற்று, அரை மாதம், மொத்தம் 38 நகர்வுகள். ஜெர்மன் தளபதி ரோமலுக்குத் தனி வில்லை, அவரோடு சேர்ந்து போகும் படைகளுக்குக் கூடுதலாக 2 கட்டம். ஆனால் உயிர்நாடி சப்ளை வில்லைகள். ஜெர்மானியர் ஒவ்வொரு முறையும் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும், சப்ளைக் கப்பல் வந்து சேர்ந்ததா, மத்தியதரைக் கடலில் மூழ்கியதா என்று. தாக்க வேண்டுமானால் ஒரு சப்ளை வில்லையைச் செலவழிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு கப்பல் போனால் லிபியத் துறைமுகமான தோப்ரூக்கின் வாசலில் வலிமையான சேனை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் போரின் உண்மைச் சிக்கலை இவ்வளவு குறைந்த விதிகளில் சொன்ன ஆட்டம் வேறு இல்லை என்பது என் தீர்ப்பு. 7:1 பலம் சேர்ந்தால், அல்லது முழுக்கச் சூழ்ந்த எதிரி மேல் 5:1 சேர்ந்தால், பகடையே வேண்டாம். நகர்வு நடக்கும்போதே அந்த எதிரி இல்லாததுபோலப் பின்னால் வரும் படைகள் கடந்து போகலாம். நல்ல ஜெர்மன் ஆட்டக்காரர் இந்த விதியை வைத்துத்தான் வரிசையைக் கிழிப்பார். பிரிட்டிஷ் வில்லைகளுக்குள் இந்திய பிரிகேடுகளும் இருக்கும். அந்தப் போரில் 4-ஆவது இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) கம்பெனி ஒன்றும் இருந்தது. அவ்வளவு சிறிய அலகு வில்லையில் தனியாகத் தெரியாது.

எதிராளி வேறு ஊரில் இருந்தால்? தபாலில் ஆடினார்கள். அதற்கென்றே அவலான் ஹில் தாள்கள் விற்றது. பகடையில் யாரும் பொய் சொல்லக்கூடாதே, அதற்கு ஒரு வழி. தாக்குபவர் கடிதத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு நியூயார்க் பங்குச் சந்தைக் கம்பெனியின் பெயரையும், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு வரும் ஒரு தேதியையும் எழுதிவிடுவார். அந்த நாள் செய்தித்தாளில் அந்தப் பங்கின் விற்பனை எண்ணிக்கையில் கடைசி இலக்கம்தான் பகடை. இரண்டு பேரும் தத்தம் ஊர்ப் பேப்பரைப் பார்த்து ஒரே முடிவைக் குறித்துக்கொள்வார்கள். ஓர் ஆட்டம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும் வியப்பில்லை.

1970-இல் ஜிம் டன்னிகன் வடிவமைத்த ‘பான்சர்பிளிட்ஸ்’ வந்து அளவையே மாற்றியது. ஒரு கட்டம் 250 மீட்டர், ஒரு நகர்வு 6 நிமிடம், எப்படி வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய மூன்று பலகைகள். ஒரு ஓட்டையும் கூடவே வந்தது. காட்டுக்குள் இருக்கும் படையைப் பக்கத்தில் போனால்தான் பார்க்க முடியும், அவரவர் முறையில்தான் சுட முடியும். எனவே டாங்கிகள் ஒரு தோப்பிலிருந்து இன்னொரு தோப்புக்குத் திறந்தவெளியில் ஓடி ஒளிந்துகொண்டே முன்னேறும், யாரும் தொட முடியாது. ‘பான்சர்புஷ்’ என்று கேலி செய்தார்கள். 1974-இல் வந்த ‘பான்சர் லீடர்’ ஓடுகிறவனை நடுவில் சுடும் விதியைச் சேர்த்து ஓட்டையை அடைத்தது.

டன்னிகனும் ரெட்மண்ட் சைமன்சனும் நியூயார்க்கில் நடத்திய எஸ்.பி.ஐ. என்ற போர் விளையாட்டு நிறுவனம் தன் ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ இதழ் ஒவ்வொன்றிலும் முழு ஆட்டம் ஒன்றை வைத்துத் தந்தது. வெளியீடு குவிந்தது, தரம் ஏறி இறங்கியது. 1979-இல் வந்த வட ஆப்பிரிக்கப் பெரும்பெட்டியில் இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் கணக்கிட வேண்டும் என்று ஒரு விதி. அதை வாங்கியவர்களில் ஆடி முடித்தவர்கள் அபூர்வம். 1982-இல் எஸ்.பி.ஐ. இன்னொரு விளையாட்டு நிறுவனமான டி.எஸ்.ஆர். கைக்குப் போனது. 1998-இல் அவலான் ஹில்லைப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. அத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

பழைய பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் செய்யவேண்டியவை பற்றிக் கொஞ்சம் விரிவாக. முதலில் வில்லைகளை எண்ணுங்கள், படைப் பட்டியல் அட்டையோடு ஒப்பிட்டு. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். பழைய ரப்பர் இளகி அச்சின் மேல் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் எண்ணும் சேர்ந்து வரும். பிரிக்காத தாளாக இருந்தால் விரலால் பிய்க்காதீர்கள். மூலையில் உள்ள இணைப்புப் புள்ளிகளைக் கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். பிய்த்தால் மேல்தாள் கிழிந்து அடுக்கு பிளக்கும். பிளந்துவிட்டதென்றால் பல்குத்தும் குச்சி நுனியில் ஃபெவிகால் தொட்டு உள்ளே தடவி, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். மூலையில் மிஞ்சும் பிசிறு சாதாரண விஷயமில்லை. மூன்று வில்லை அடுக்கி நகர்த்தும்போது அதுதான் பக்கத்து அடுக்கில் மாட்டிக் கவிழ்க்கும். மூலை வெட்டும் கருவி இருந்தால் 2 மில்லிமீட்டர் ஆரத்தில் வெட்டலாம். நகவெட்டியால் வெட்டினால் மூலைக்கு மூலை கோணல் மாறும்.

வில்லை காணாமல் போயிருந்தால் ஸ்கேன் எடுத்து ஸ்டிக்கர் தாளில் அச்சடிக்கலாம். இங்கே எல்லோரும் தவறுவது பிரிண்டர் அமைப்பில். பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கும் தேர்வு இருந்தால் 12.7 மில்லிமீட்டர் வில்லை 12 ஆகிவிடும். பார்க்க வித்தியாசம் தெரியாது, அடுக்கும்போது தெரியும். 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றை முதலில் அச்சடித்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

எஸ்.பி.ஐ. வரைபடம் பெரும்பாலும் 22-க்கு 34 அங்குலத் தாள். மடிப்பை எதிர்ப்பக்கமாக ஒருமுறை மெதுவாக மடித்து விரித்து, மேலே 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு வைத்தால் படிந்துவிடும். 60-க்கு 90 சென்டிமீட்டர் அளவில் வெட்டச் சொல்லுங்கள். பளபளப்பில்லாத தகடு வாங்கினால் எழுத்து மங்கும், பளபளப்பானதே மேல், விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த கனப்பலகையை வெயிலில் வைத்து நிமிர்த்தாதீர்கள், மடிப்பில் ஒட்டிய துணி விட்டுவிடும். சமதளத்தில் கனம் வைத்து ஒரு வாரம் விட்டால் போதும். பெட்டி மூலைக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

பழைய பெட்டிக்கு அலைய விருப்பமில்லாதவர்களுக்கு ‘பேட்டில் ஃபார் மாஸ்கோ’ நல்ல தொடக்கம். ஜி.டி.டபிள்யூ. நிறுவனம் 1986-இல் வெளியிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 39 வில்லைகள், 7 நகர்வுகள். மூன்றாவதும் நான்காவதும் சேற்றுக் காலம், ஜெர்மானியர் முதல் இரண்டு நகர்வுகளில் ஓடாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அச்சடித்து 2 மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டுங்கள். வில்லைகளுக்கு இரு பக்கமும் அச்சு உண்டு, முன்பக்கம் முழு பலம், பின்பக்கம் பாதி பலம். முன்பக்கத்தை ஒட்டிக் காய்ந்த பிறகு நான்கு மூலையிலும் ஊசியால் குத்தி, அந்தத் துளைகளில் பின்தாளைப் பொருத்தி ஒட்டினால் இரண்டு பக்கமும் நேராக வரும். வெட்டுவது கடைசியில்தான். முதலில் நீளப் பட்டைகள், பிறகு தனித்தனி வில்லைகள், ஸ்டீல் ஸ்கேல் வைத்து மூன்று நான்கு இழுப்பில். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் கத்தி சாய்ந்து ஓரம் சரியும்.