முப்பது காதல் படங்களும் ஒரு நிமிடக் கணக்கும்

காதல் படங்களைப் பொறுத்தவரை நான் நெடுநாள் ஒரு போலி ரசிகனாகவே இருந்துவந்தேன். பாடல்களை ஓட்டிவிடுவேன், நாயகனும் நாயகியும் தனியே பேசத் தொடங்கினால் கைபேசியைக் கையில் எடுத்துக்கொள்வேன், படம் முடிந்ததும் 'இழுவை' என்று தீர்ப்பு மட்டும் தவறாமல் சொல்லிவிடுவேன். இதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த தோழி ஒருத்தி, "பார்க்காத படத்துக்குத்தான் நீ எப்போதும் விமர்சனம் சொல்கிறாய்" என்றாள். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. அன்றிரவே எனக்கு நானே ஒரு சவாலை விதித்துக்கொண்டேன்: முப்பது நாட்களில் முப்பது காதல் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விமர்சனம், அதையும் படம் முடிந்த இரவே எழுதிவிட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதில்லை, பாடல்கள் உட்பட. நட்சத்திரமோ மதிப்பெண்ணோ போடுவதில்லை. 'கெமிஸ்ட்ரி', 'மனதை வருடும்', 'கவிதை போன்ற' ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. இவற்றோடு, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு கேள்விக்கான விடையை எண்ணால் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்: இவர்கள் இருவரும் காதலிக்கிறார்கள் என்பதை எந்த நிமிடத்தில் நான் நம்பினேன்? நம்பவே இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம், ஆனால் பொய் எழுதக் கூடாது.

முப்பது நாள் கணக்கு ஒன்பதாம் நாளே உடைந்தது. சவாலை முடிக்க ஐம்பத்திரண்டு நாட்கள் ஆயின. அதைவிட வெட்கமான செய்தி, முதல் விமர்சனம் நான்கே வரிகளில் நின்றுபோனது. தடை செய்த மூன்று சொற்களை எடுத்துவிட்டால் காதலைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறெதுவும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டாம் படத்துக்கு நாயகியின் உடைகளைப் பற்றி அரைப்பக்கம் எழுதி ஒப்பேற்றினேன்.

திசை காட்டியவை பழைய படங்கள்தான். பேசும் படங்கள் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையிலும், 1931இல் சார்லி சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தைப் பேச்சில்லாமலேயே எடுத்தார். பார்வையற்ற பூக்காரப் பெண் சாப்ளின் நடிக்கும் நாடோடியைச் செல்வந்தன் என்று தவறாக எண்ணிக்கொள்ள வேண்டும். வசனம் இல்லாமல் அதை எப்படிச் சொல்வது? கார்க் கதவு சாத்தப்படும் ஓசையை அவள் கேட்டுவிட்டதாகக் காட்டி அந்த முடிச்சை அவர் அவிழ்த்தார். முந்நூறு முறைக்கும் மேல் திரும்பத் திரும்பப் படமாக்கினார் என்று சொல்லப்படும் அந்தச் சந்திப்பைவிட, பார்வை திரும்பிய பிறகு அவன் கையைத் தொட்டதும் அவள் அவனை அடையாளம் கண்டுகொள்ளும் கடைசிக் காட்சியே என் எண்ணைப் பெற்றது.

1934ஆம் ஆண்டின் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' இன்னொரு வகையில் உதவியது. படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முக்கிய ஆஸ்கார்களையும் ஒருசேர வென்ற முதல் படம் அது. மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்க நேரும்போது இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். படத்தின் இறுதியில் அந்தப் போர்வை கீழே விழுகிறது. காதலர்கள் திரையில் தென்படுவதே இல்லை. அதே ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை நெறிகள் கறாராக அமலுக்கு வந்து, 1968 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தன. அந்தக் காலத்துப் படங்களில் எதைக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு திரைக்கதையாசிரியர்களைப் பொருள்களின் பக்கம் தள்ளியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. தணிக்கையை நான் புகழவில்லை. ஒரு போர்வை செய்த வேலையைப் பத்து முத்தங்கள் செய்யாத படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஐம்பத்திரண்டு நாட்களில் என்னை உலுக்கியது டேவிட் லீன் இயக்கிய 'ப்ரீஃப் என்கவுண்டர்' (1945). ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பெண்ணின் கண்ணில் விழுந்த தூசியை ஒரு மருத்துவர் எடுத்துவிடுகிறார், இருவருக்கும் தனித்தனிக் குடும்பங்கள் உண்டு, வியாழக்கிழமைதோறும் சந்திக்கத் தொடங்குகிறார்கள், பிறகு பிரிகிறார்கள். கதை இவ்வளவே. படத்தின் தொடக்கத்தில், அதே சிற்றுண்டிச்சாலையில் ஓர் ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்க, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த வாயாடி ஒருத்தி வந்து உட்கார்ந்து பேச்சைத் தொடங்கிவிடுகிறாள்; அந்த ஆண் எழுந்து, பெண்ணின் தோளில் ஒரு கணம் கைவைத்துவிட்டு ரயிலுக்குப் போகிறான். இதைப் பார்க்கும்போது நமக்கு எதுவும் தோன்றுவதில்லை. நான்கூட இதை ஏதோ உப்புச்சப்பற்ற தொடக்கம் என்றே குறித்து வைத்தேன். முழுக் கதையையும் அவள் தன் கணவனிடம் மனத்துக்குள்ளேயே சொல்லி முடிக்கிற வேளையில் அதே காட்சி திரும்ப வருகிறது. இனி ஒருவரையொருவர் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்த இருவருக்கு மிஞ்சியிருந்த கடைசி நிமிடங்களைத்தான் அந்த வாயாடி தின்றுவிட்டாள் என்பதும், பிரிவைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்தது தோளில் பதிந்த அந்தக் கை மட்டுமே என்பதும் அப்போதுதான் புரிகின்றன. நம்பிய நிமிடம் என்று நான் எழுதிய எண் தொடக்கக் காட்சியினுடையதா, இறுதிக் காட்சியினுடையதா என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் எழுதிவிட்டேன். விதிமீறல்தான்.

அதற்குப் பிறகு நான் படம் பார்த்த விதமே மாறியது. 'எப்போது காதலைச் சொல்வார்கள்?' என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, 'இவர்களைச் சொல்லவிடாமல் தடுப்பது எது?' என்று தேடத் தொடங்கினேன். அந்தக் கண்ணோடு மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) படத்தை மீண்டும் பார்த்தபோது, பாதிப் படத்தை இதுவரை நான் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. விருப்பமில்லாமல் மணந்துகொண்ட திவ்யா, என்ன வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்தைக் கேட்கிறாள், அவனும் சம்மதிக்கிறான், திருமணமாகி ஓராண்டு கழியாமல் மனுச் செய்ய இயலாது என்று சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு அது. 1976இல் திருத்தம் வரும்வரை அந்தக் கெடு மூன்று ஆண்டுகளாக இருந்தது. பழைய கெடுவே நீடித்திருந்தால் இந்தத் திரைக்கதை எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தபடியே அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். பிரிவதற்காகக் காத்திருக்கும் காலமே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் காலமாக மாறுகிறது. அவள் மனம் மாறி அவன் பக்கம் வரும்போது, அவன் அவளுடைய முதல் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு விலகி நிற்கிறான். கார்த்திக் வரும் துள்ளலான பகுதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். என் எண்ணோ, தாக்கப்பட்டுக் காயத்தோடு கிடக்கும் கணவனுக்கு அவள் பணிவிடை செய்யும் பகுதியில் விழுந்தது.

அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த 'காதல் கோட்டை'யில் (1996) தடை முகம்தான்: கடிதத்தில் காதலித்தவர்கள் நேரில் எதிர்ப்பட்டும் அடையாளம் தெரியாமல் கடந்து போகிறார்கள். கதிரின் 'இதயம்' (1991) படத்தில் முரளிக்குத் தடை அவருடைய சொந்த வாய்தான். சிறுவயதில் எனக்கு எரிச்சலூட்டிய அந்தத் தயக்கம் இப்போதும் கொஞ்சம் எரிச்சலூட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வோங் கார் வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' (2000) படத்துக்கு நான் எழுதிய முதல் விமர்சனம் 'மெதுவாக நகர்கிறது' என்பதோடு முடிந்திருந்தது. அடுத்த நாள் அதைப் படித்துப் பார்க்கவே கூசியது. இரண்டாம் முறை பார்த்த பிறகு எழுதியது மூன்று பக்கங்கள். தங்கள் துணைகள் இருவரும் ஒருவரோடொருவர் உறவு கொண்டிருப்பதை அறிந்த அண்டை வீட்டார் இருவர், அந்த உறவு எப்படித் தொடங்கியிருக்கும் என்று தாங்களே நடித்துப் பார்க்கிறார்கள். துரோகம் செய்தவர்களின் முகங்களைப் படம் ஒருமுறையும் முழுதாகக் காட்டுவதில்லை. பின்னர், தங்கள் பிரிவையும் அதேபோல் ஒத்திகை பார்க்கும்போது, ஒத்திகை என்று தெரிந்தும் அவள் உடைந்து அழுகிறாள். அந்த நிமிடத்தின் எண்ணை எழுதக் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, படத்தைப் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருந்தது.

ஒரே காதல் இணையைத் தொடரும் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர்' பட வரிசையை (1995, 2004, 2013) மூன்று தொடர் இரவுகளில் பார்த்தது ஒருவகை ஏமாற்று வேலை. அந்தப் பாத்திரங்களும் நடிகர்களும் பதினெட்டு ஆண்டுகளில் அடைந்த முதுமையை மூன்றே இரவுகளில் கடந்துவிட்டேன். பேசிக்கொண்டே இருக்கும் அந்த முதல் படத்தில் நான் நம்பியது, பேச்சே இல்லாத இடத்தைத்தான்: இசைத்தட்டுக் கடையின் குறுகிய அறையில் பாட்டுக் கேட்டபடி, ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பார்வையை விலக்கிக்கொள்ளும் அந்த ஒரே ஷாட்.

முப்பது பக்கங்களையும் எண்ணிப் பார்த்தேன். காதலை வாய்விட்டுச் சொல்லும் காட்சி என் எண்ணைப் பெற்றது இரண்டே படங்களில். நான்கு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றில் மூன்றில், விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணை நாயகன் விடாமல் பின்தொடர்கிறான். அவள் இறுதியில் சம்மதிப்பதைக் காதல் என்று ஏற்க என்னால் முடியவில்லை. இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கே அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மூன்றையும் பற்றி வாதிட நான் தயார்.

நான்காவது வெறுமையைப் பற்றித்தான் உறுதியில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தோழியிடம் கொடுத்தபோது அவள் வேறெதையும் படிக்காமல் நேராக அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள்; அவள் பலமுறை பார்த்த படம் அது. ஒரு பக்க விமர்சனத்தையும் நிதானமாகப் படித்தாள், எதுவும் சொல்லவில்லை. பிறகு என் பேனாவை வாங்கி, வெறுமையாக இருந்த இடத்தில் தன் கையெழுத்தில் '71' என்று எழுதிவிட்டுத் திருப்பித் தந்தாள். அந்த எழுபத்தோராவது நிமிடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.