தண்ணி வர்றதுக்குள்ள

மே 9, 2025, வெள்ளி

இவருக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. ஜூன் மாதத்துக்குள் தஞ்சாவூரில் சேரணும். இவர் குரலில் ஒரு துள்ளல். சொந்த ஊருக்குத் திரும்புகிறவருக்கு இருக்காதா? நான் போய் சின்னவனின் மருந்துப் பையை எடுத்து இன்ஹேலரில் எத்தனை பஃப் மிச்சம் என்று பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

மே 11, ஞாயிறு

விடியற்காலை கோவையிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். கரந்தையில் அத்தை வீடு. எட்டு பேருக்கு ஒரு குளியலறை. அத்தை காபியை ஆற்றிக்கொண்டே, "எதுக்கும்மா வாடகை வீடு? நம்ம வீடு இருக்கயில?" என்றார்கள். கொழுந்தனார் பேப்பரைத் திருப்பினார். ஓரகத்தி அடுப்பங்கரைக்குள் போனாள். பதில் சொல்லவேண்டிய ஆள் நான் ஒருத்திதான் பாக்கி.

கொல்லைக் கதவுக்கு ரெண்டு பூட்டு. பின்னால் வடவாறு, அதையும் தாண்டி யார் திருட வரப்போகிறார்கள்?

மே 13, செவ்வாய்

வல்லம். காலையிலேயே கிளம்பியும் வெயில் முந்திக்கொண்டது. செம்பாறை பூமி. மேடு. டெல்டா என்றால் எங்கு பார்த்தாலும் பச்சை என்று நினைத்தால், தஞ்சாவூருக்குத் தென்மேற்கே போய்ப் பார்க்கணும். முன்னொரு காலத்தில் மூக்குக்கண்ணாடிக்குக் கல் எடுத்த ஊராம், இவர் பெருமையாகச் சொல்கிறார். எனக்குத் தண்ணீர் எத்தனை அடியில் என்று வேண்டும். ஓனர் சிரித்தார். "போர் இருக்கு, ஆனா மோட்டார் ரெண்டு வேளைதான் போடுவோம்" என்றார்.

ஆனால் "ஐப்பசி அடைமழையிலயும் ஒரு சொட்டு நிக்காதும்மா" என்று அவர் சொன்னதை நம்பினேன். அந்த மண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சின்னவனுக்கு இழுத்தால் நேர் ரோடு.

மே 14, புதன்

அந்த நகரில் பால் வாங்கவே வண்டி எடுக்கணும்.

மே 16, வெள்ளி

கும்பகோணம் சாலையில் பள்ளியக்கிரகாரம் தாண்டி ஒரு வீடு. 7,500. தனி வீடு, துளசி மாடம், பின்னால் முருங்கை. பெரியவள் முற்றத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். எனக்கும் அதுதான் வேண்டும் போல இருந்தது.

கொடியில் ஓனரம்மாவின் வெள்ளை வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதில் கறுப்பாகப் பொடிப்பொடியாக என்னவோ. விரலால் தொட்டேன், கோடாக இழுபட்டது. "அது உமிச் சாம்பல்மா. உதறுனாப் போயிடும்" என்றார்கள். அப்புறம்தான் புகைபோக்கி கண்ணில் பட்டது. அரிசி ஆலை, தென்னைக்கு அந்தப் பக்கம். உமியை எரித்துத்தான் நெல்லை அவிக்கிறார்கள். அவியல் வாசனை வந்ததும் இவர் மூச்சை நன்றாக இழுத்து, "இந்த வாசனைலதான் நான் வளர்ந்தேன்" என்றார்.

நான் சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி அவனுக்கு இழுக்கவில்லை. ஆனாலும் எழுந்து எழுந்து அவன் விலாவைப் பார்த்தேன். மூச்சு வாங்கும்போது விலாவுக்கு நடுவே குழி விழுகிறதா என்று. விழவில்லை.

மே 18, ஞாயிறு

தரகர் இன்று காட்டியது புது நகர். நாலு வருஷத்துக்கு முன் வயல். இப்போது ஆர்ச், அதில் நகரின் பெயர், உள்ளே பன்னிரண்டு வீடு, மிச்சமெல்லாம் மனைக்கல். வாடகை மலிவு. ஏன் மலிவு என்று தரகரைக் கேட்கக் கூடாது, சுவரைக் கேட்கணும். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இருந்தும் காம்பவுண்டில் ஒரு கோடு, கீழே ஒரு நிறம் மேலே ஒரு நிறம். பெரியவளைக் கூப்பிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். அவள் உயரம் அளக்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்து நின்றாள். கோடு அவள் இடுப்புக்கு.

"ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்க்கா" என்றார் தரகர்.

எது வழியா வடியும்? வயலாக இருந்தபோது வாய்க்கால் இருந்திருக்குமே, எங்கே என்று கேட்டேன். நாங்கள் நின்றுகொண்டிருந்த தெருவைக் காட்டினார்.

மே 20, செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை. மணி பதினொன்று. எல்லோரும் தூங்கியாச்சு.

இன்று பார்த்ததுதான் வீடு. புதாற்றங்கரையில். 9,500. ரிட்டையர்டான டீச்சர் ஒருத்தர், மேலே அவங்க, கீழே நமக்கு. பெரிய வேப்பமரம். பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது அந்த அம்மாவுக்கு. பெரியவளுக்கு நூல்கண்டும் ஊசியும் கொடுத்து வேப்பம்பூ கோக்கச் சொன்னாங்க. பள்ளி நடந்து போகும் தூரம், கடைத்தெரு பக்கம், ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். நான் தாளில் எழுதி வைத்திருந்த அத்தனைக்கும் டிக் போடலாம்.

கேட்டிலிருந்து கரைக்கு நான் நடந்து பார்த்தேன். சின்னவன் நடையில் நடந்தேன், என் நடையில் இல்லை. நாற்பது கூட வரவில்லை.

ஆறு காய்ந்து கிடக்கிறது. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஸ்டம்புக்கு செங்கல். ஒரு ஆடு சரிவில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முன்னே மண்கரையாம், நாணல், வேர், அங்கங்கே படித்துறை. இப்போது சிமெண்டு. ஒரு பிடிமானம் கிடையாது. ஆடே ஏற முடியாத சரிவு.

இவருக்குப் புரியவே இல்லை. "நாங்கல்லாம் பாலத்துல இருந்து குதிச்சவங்க." குதிச்சவங்க சரி. குதிக்கத் தெரியாதவன் ஒருத்தன் நம்ம வீட்டில் இருக்கான், மூணு வயசு, கதவு திறந்திருந்தால் அவனைக் கேட்டா திறந்திருக்கு? ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூணு நாளில் கல்லணை, அங்கிருந்து இங்கே. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டிய கால்வாய் இது, தொண்ணூறு வருஷமானாலும் இந்த ஊர்க்காரர்களுக்குப் புது ஆறுதான். தண்ணி வந்தால் அப்புறம் ஜனவரி கடைசி வரை ஓடும். ஏழு மாசம். ஏழு மாசமும் நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணும்.

"ஊருக்கே சோறு போடற தண்ணிய இப்படிப் பேசாத" என்றார். சோறு வேறு, இது வேறு.

வீடு நல்ல வீடு. அதுதான் கஷ்டம்.

மே 22, வியாழன்

டி.சி. கையில் இருக்கிறது. ஆனால் எமிஸில், அதுதான் அரசின் ஆன்லைன் மாணவர் பதிவில், பழைய பள்ளி பெரியவளைத் தன் கணக்கிலிருந்து காமன் பூலுக்கு விடவில்லை. விடாமல் இங்கே எந்தப் பள்ளியும் ஏற்ற முடியாது. போன் செய்தால் "கம்ப்யூட்டர் மேடம் லீவு".

மே 23, வெள்ளி

கம்ப்யூட்டர் மேடம் லீவு.

மே 26, திங்கள்

கோவையில் ரெட் அலர்ட்டாம். கொட்டுகிறதாம். அம்மா வீடியோ காலில் தாழ்வாரத்தைக் காட்டினாள், ஓட்டிலிருந்து தண்ணீர் திரையாக விழுகிறது. இங்கே ஃபேன் காற்றே சுடுகிறது. சின்னவன் போனைத் தொட்டு "மழை, மழை" என்றான்.

இந்த வருஷம் தனியார் பள்ளியில் இலவச இடம் தரும் ஆர்.டி.இ. இருந்தால் அவனுக்கு எல்.கே.ஜி. பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்ற கணக்கும் அதற்கு உண்டு, அதையும் வீட்டுத் தேர்வில் சேர்த்திருந்தேன். விண்ணப்பமே இன்னும் திறக்கவில்லை. ஒரு கவலை குறைந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறதாம். யார் சொன்னது?

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. ஊரில் எல்லாப் பிள்ளையும் யூனிஃபார்ம் போட்டுப் போகிறது, என் மகள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். அத்தை பொறுக்கமாட்டாமல் அவள் கையைப் பிடித்துப் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. எமிஸ் இல்லை, பெயர் ஏற்ற முடியாது, ஆனாலும் "வந்து உக்காரட்டும்மா" என்று அந்த டீச்சர் சொல்லியிருக்கிறார். காலை உணவுக்கு ரவை உப்புமாவும் சாம்பாரும். வீட்டில் உப்புமாவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள், ரெண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்று வந்து சொல்கிறாள்.

கோபப்படலாமா வேண்டாமா என்று யோசித்துக் கோபப்படவில்லை.

ஜூன் 5, வியாழன்

புதுக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு மாடி வீடு. ஓனர் நிபந்தனைகளை ஒப்பிக்க ஆரம்பித்தார்: சுவரில் பிள்ளைகள் கிறுக்கக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் மாடியில் நடமாட்டம் கூடாது, கரண்டுக்குத் தனி மீட்டர், யூனிட் 9 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாசம். வாடகைச் சட்டத்தில் மூணு மாசம்தானே சார் என்றேன். அவர் வாயைத் திறக்கும்போது தலைக்கு மேலே சுகோய் ஒன்று போனது. விமானப்படைத் தளம் பக்கத்தில்தான். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சார் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. சின்னவன் கைதட்டி, "இன்னொன்னு" என்றான்.

இறங்கி வரும்போது நானும் இவரும் சிரித்துவிட்டோம். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஜூன் 7, சனி

இவர் புதாறு வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். 5,000. என்னிடம் கேட்கவில்லை. "வேற யாரோ பாக்க வர்றாங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

ஜூன் 8, ஞாயிறு

பேசவில்லை.

ஜூன் 9, திங்கள்

கேட்டுக்கு மேல் தாழ் போடலாம், வலை அடிக்கலாம், நான் வேலைக்கு முயற்சி செய்யாமல் ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கலாம் என்றெல்லாம் இவர் சொல்லிக்கொண்டே போகிறார். மூணாவது யோசனை எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. டிவியில் பூத்தூவுகிறார்கள். மதகில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்து இறங்குகிறது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போன வருஷம் ஜூலை கடைசியில்தான் திறந்தார்களாம், குறுவையே போச்சாம். கொழுந்தனார் உடனே போனை எடுத்து நாற்றுக்கு ஆள் பேச ஆரம்பித்தார். வீட்டில் எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. நான் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்றுக் கல்லணையும் திறந்தாச்சு. இன்று முதல்வர் ஊரில், மினி பஸ் தொடங்கி வைக்கிறார். எந்த ரோட்டிலும் போக முடியவில்லை. டீச்சர் வீட்டுக்குப் பத்திரம் எழுதப் போகவேண்டியது நின்றது. மினி பஸ் எந்தெந்த நகருக்குள் வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளணும்.

ஜூன் 18, புதன்

வந்துவிட்டது. இர்வின் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். முதல் தண்ணி கறுப்பு. பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், வாடிய மாலை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறது. அதன் பின்னால் காவி நிறம். ஆழம் ஒன்றுமில்லை, முழங்கால் இருக்கும். ஆனால் செங்கல் ஸ்டம்பு இருந்த இடம் எது என்று தெரியவில்லை. பாலத்தில் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் காசு போட்டார். என் பக்கத்தில் ஒரு அம்மா, "இனிமே கெணறு ஊறும்" என்றாள்.

அழகாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ராத்திரி அத்தையிடம் சொன்னேன். இவரிடம் சொல்லிச் சலித்ததை எல்லாம் அவர்களிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கொல்லைக் கதவுக்கு ஏன் ரெண்டு பூட்டு என்று சொன்னார்கள். இவருக்கு மூத்தவர். அதை இங்கே எழுதமாட்டேன். இவருக்கே முழுசாகத் தெரியாதாம்.

ஜூன் 19, வியாழன்

அத்தையே டீச்சர் வீட்டுக்குப் போய் 5,000த்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போயிருக்கிறார்கள். டீச்சர் மனசு கோணவில்லை. இவர் சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை, மோர் மட்டும் கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

வல்லம்தான். ஓனரோடு பேசி 8,000, அட்வான்ஸ் அஞ்சு மாசம். மூணுக்கு இறங்கவில்லை, நானும் விடவில்லை, அஞ்சில் நின்றது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டுத் தரணும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். ஓனர், "இதையெல்லாமா பத்திரத்துல எழுதுவாங்க" என்றார். எழுதுவாங்க.

அத்தை வாரம் ஒரு தரம் வருவதாகச் சொன்னார்கள். பஸ் மாறணும், அவர்கள் முழங்காலுக்கு அது ஆகாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பெரியவள் கரந்தைப் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்கிறாள். சிநேகிதி ஒருத்தி கிடைத்திருக்கிறாளாம். சாயங்காலம் முழுக்க இதே பாட்டு.

ஜூன் 21, சனி

எமிஸில் விட்டுவிட்டார்கள்! சனிக்கிழமை! கம்ப்யூட்டர் மேடத்துக்கு நூறு ஆயுசு.

ஜூன் 23, திங்கள்

புதன்கிழமை கோவையிலிருந்து சாமான் லாரி. கேஸ் மாற்றணும், ரேஷன் கார்டு முகவரி மாற்றணும், நெபுலைசருக்குப் புது மாஸ்க் வாங்கணும், பழையது அவன் முகத்துக்குச் சின்னதாகிவிட்டது. பள்ளி வேன் அந்த நகருக்குள் வருமா, இல்லை மெயின் ரோட்டிலேயே நிற்குமா? மெயின் ரோடு என்றால் லாரி போகிற ரோடு. வேன்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறார்.