கற்பித்த ஊருக்கே மீட்புப் பணிக்குத் திரும்புவது: சான்ரிக்கு கரையில் ஜெட் ஆசிரியர்களின் அனுபவம்

வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் ஜெட் (JET) திட்டத்தில் ஆங்கில உதவி ஆசிரியராக அதிகபட்சம் ஐந்து வருடம் இருக்கலாம். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஜப்பானின் வடகிழக்கே சான்ரிக்கு கரையில், இவாத்தே, மியாகி மாகாணங்களில் கற்பித்துவிட்டு வந்த பலர் அந்த ஊர்களுக்கே திரும்பிப் போனோம். அந்த அலையில் இறந்த டெய்லர் ஆண்டர்சன் இஷினோமாக்கியிலும் மாண்ட்கோமரி டிக்சன் ரிக்குசென்தக்காதாவிலும் ஜெட் ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

திரும்பிப் போகிறவர் செய்யும் முதல் தவறு, பழைய பள்ளிக்கு போன் போடுவது. ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை ஏப்ரல் 1-ஆம் தேதி மாற்றிவிடுவார்கள். நம்மோடு வகுப்பெடுத்தவர் இப்போது வேறு ஊரில் இருப்பார். நகரக் கல்விக் குழுவிடம் கேட்டால்தான் ஆள் எங்கே என்று தெரியும். அலுவலகத்துக்குப் போகும்போது தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு, மேசைக்கு ஒன்று வீதம் எண்ணி வாங்குங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் சங்கடம், மிஞ்சினால் கவலையில்லை.

உடலுழைப்புக்கு வழி, 'ஷாக்கியோ' என்கிற சமூகநல மன்றம் நடத்தும் தன்னார்வலர் மையம். காலையில் பெயர் பதிந்தால், எந்த வீட்டுக்கு எத்தனை பேர் என்று அவர்களே பிரித்து அனுப்புவார்கள். தன்னார்வலர் காப்பீடு கட்டாயம். சில நூறு யென்தான், ஆனால் மார்ச் 31-ஓடு முடிந்துவிடும்; மார்ச் கடைசியில் போகிறவர் ஏப்ரலில் மறுபடி கட்ட வேண்டும். சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம் எல்லாம் நம் பொறுப்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதற்குள் ஆணி ஏறாத இரும்புத் தகடு, தூசி முகமூடி, கண்ணாடி, தடித்த ரப்பர் கையுறை: இவற்றில் தகட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சேற்றுக்குள் பலகையும் ஆணியும் சேர்ந்தே கிடக்கும்.

சேற்றைச் சாக்கில் பாதிக்கு மேல் அள்ளாதீர்கள். நிரப்பினால் தூக்க முடியாது, வாயையும் கட்ட முடியாது. தரைப்பலகையைக் கழற்றி அடிச்சேற்றை எடுத்தபின் சுண்ணாம்பு தூவுவார்கள். ஈரத்தோலில் பட்டால் எரியும், கண்ணாடியைக் கழற்றவே கூடாது. வீட்டுக்காரர் கேட்க 'குப்பை' என்ற சொல் வாயில் வரவேண்டாம். நமக்குச் சேறு படிந்த பலகை, அவருக்கு அது சமையலறை.

சேற்றில் கிடைத்த குடும்பப் புகைப்படங்களைச் சுத்தம் செய்வதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. படத்தில் நிறத்தைத் தாங்கும் ஜெலட்டினை பாக்டீரியா ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். ஆகவே முதலில் ஆல்பத்தைப் பிரித்து உலர்த்த வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் விரல்நுனியால் தடவ வேண்டும், தேய்க்கக் கூடாது. நீரில் மஞ்சளும் சிவப்பும் கலையத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அடுத்த தடவலில் முகம் போய்விடும். இங்க்ஜெட் அச்சை நீரில் போடவே கூடாது. கழுவியவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துவோம்.

சேறு தீர்ந்த பிறகுதான் நமக்கென்றே ஒரு வேலை வந்தது: சுற்றுலா. மண்வெட்டி பிடிக்க யாராலும் முடியும். அந்த ஊர்ப் பேச்சைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் சொல்ல, அங்கே இருந்தவர்தான் வேண்டும். நடந்ததைச் சொல்லும் 'கதாரிபே'க்கு மொழிபெயர்க்கும்போது இடறுமிடங்கள் சில. ஜப்பானிய எண்ணிக்கை பத்தாயிரத்தை, அதாவது 'மான்' என்பதை, அலகாகக் கொண்டது. ரிக்குசென்தக்காதா கரையில் இருந்த 7 'மான்' பைன் மரங்கள் என்றால் 70,000, அவசரத்தில் 7,000 என்று வாய் வந்துவிடும். ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக்கணக்கில் ஹெய்செய் 23 என்றால் 2011. மியாக்கோவில் ஏறக்குறைய 40 மீட்டர் என்பது அலையின் உயரமல்ல, மலைச்சரிவில் நீர் ஏறிய உயரம். இதை மாற்றிச் சொன்னால் விஷயமறிந்த பயணி அங்கேயே மடக்குவார். ஆழிப்பேரலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஊரில் சொல்லும் 'தெந்தென்கோ' என்ற சொல்லை 'அவரவர் ஓடு' என்று மட்டும் சொன்னால் சுயநலமாகக் கேட்கும். வீட்டாரும் ஓடியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் காத்திராமல் ஓடு என்பதே அதன் பொருள்.

ஹச்சினோஹேயிலிருந்து சோமா வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் போகும் மிச்சினோக்கு கரையோர நடைபாதை 2019-இல் முழுமையாகத் திறந்தது. அதற்கு ஆங்கிலக் குறிப்பு எழுதுவதானால் நடந்து பார்க்காமல் எழுதாதீர்கள்: கழிப்பறை, தண்ணீர், அலை உயர்ந்தால் சுற்றிப் போகும் மாற்றுவழி, கரடியை விலக்க மணி கட்டிக்கொள்ள வேண்டிய பகுதி ஆகியவைதான் பயணி கேட்பவை. காட்சி வர்ணனையை அவர் படிப்பதில்லை.

போக்குவரத்தில் ஒன்று: ஜப்பான் ரயில் பாஸ் கெசென்னுமா, ஒஃபுனாத்தோ பேருந்துத்தடங்களில் செல்லும், சான்ரிக்கு ரயிலில் செல்லாது. பழைய நினைவை நம்பி வழி தேடவும் வேண்டாம். ரிக்குசென்தக்காதாவில் மலையை வெட்டி, மூன்று கிலோமீட்டர் கன்வேயரில் மண் கொண்டுவந்து நகர்த்தரையையே உயர்த்தினார்கள். நீங்கள் நடந்த தெரு இப்போது பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சுற்றுலாச் சங்கத்தில் இந்த வருட வரைபடத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.