அனல் மின் நிலையம் எப்போது நிற்கும்?

கார்பன் விதி (கார்பன் டை ஆக்சைடு புகைக்கு விலையோ வரம்போ வைப்பது) வந்தவுடன் நிலக்கரி அனல் மின் நிலையத்துக்குப் பூட்டு விழுவது அபூர்வம். முதலில் குறைவது அது ஓடும் நேரம்.

ஒரு கணக்கு. 36% திறனுள்ள நிலக்கரி நிலையம் 1,000 யூனிட் தயாரிக்க 10 ஜிகாஜூல் வெப்பம் கேட்கும். ஜிகாஜூலுக்குச் சுமார் 95 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 0.95 டன். 50% திறனுள்ள எரிவாயு நிலையத்துக்கு 7.2 ஜிகாஜூல் போதும். ஜிகாஜூலுக்கு 56 கிலோ வீதம் 0.4 டன். வித்தியாசம் 0.55 டன். ஐரோப்பியக் கார்பன் அனுமதிச் சந்தை விலைக்கு மேல் பிரிட்டன் வசூலித்த கார்பன் வரி 2015 ஏப்ரலில் டன்னுக்குச் சுமார் 18 பவுண்ட் ஆனது. அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு நிலக்கரிக்குச் சுமார் 10 பவுண்ட் பாதகம். எரிவாயுவும் அப்போது மலிந்திருந்ததால் மெரிட் ஆர்டரில் (மலிவான நிலையத்தை முதலில் ஓட்டும் வரிசை) நிலக்கரி பின்னால் போனது. 2012இல் பிரிட்டன் மின்சாரத்தில் சுமார் 40% நிலக்கரியில் வந்தது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30இல் நின்றது. பழைய நிலையங்கள் சிலவற்றை கந்தகப் புகை விதிகள் அதற்கு முன்பே முடித்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓடும் நேரம் குறைந்தால் இயந்திரம் பழிவாங்கும். இரவு பகலாக ஒரே லோடில் ஓடக் கட்டிய பாய்லரை தினமும் அணைத்து ஏற்றினால், தடித்த ஹெடர்கள் (ட்யூப்கள் வந்து சேரும் பெரிய குழாய்கள்) சூடேறி ஆறி விரிசல் விடும், ட்யூப்கள் ஒழுகும். ஆறிப்போன பாய்லரை ஏற்றப் பல மணி நேரம் எண்ணெய் எரிக்க வேண்டும். சம்பளமும் பராமரிப்பும் குறையாது, அவற்றைச் சுமக்கும் யூனிட்கள்தான் குறையும். இந்த நிலையில் பெரிய ஓவர்ஹால் வந்து நின்றால் முதலாளி கைவிரித்துவிடுவார். மூடல் எப்போது என்று கணிக்க, விதியை விட ஓவர்ஹால் அட்டவணையைத்தான் நம்புவேன்.

விதியே சொதப்பியதும் உண்டு. ஐரோப்பியக் கார்பன் சந்தையின் முதல் கட்டத்தில் (2005–07) புகை விடுவதற்கான இலவச அனுமதிகளை அள்ளிக் கொடுத்ததில் விலை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. அமெரிக்காவின் 2015 மின் நிலைய விதியை 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நிலக்கரி நிலையங்களோ மலிவான ஷேல் எரிவாயுவிடம் (பாறை அடுக்குகளை உடைத்து எடுப்பது) தோற்று மூடிக்கொண்டே போயின.

ஆஸ்திரேலியாவில் 2012இல் வந்த கார்பன் விலை 2014இல் ரத்தானது. ஆனாலும் 1,600 மெகாவாட் ஹேசல்வுட் நிலக்கரி நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. காரணம், பாய்லர்களுக்குப் பெருஞ்செலவில் பழுது பார்க்க வேண்டியிருந்தது. வெறும் ஐந்து மாத அவகாசத்தில் அறிவித்ததால் சந்தை திணறியது. அதன் பிறகு அங்கே மூன்று ஆண்டு முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கினார்கள்.