மேற்குச் சுவர்

நீலகிரியில் நடுவட்டத்துக்கு அருகே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பங்களாவின் மேற்குச் சுவரை, 2004-ஆம் ஆண்டு கோடையில் நான் சிமென்ட் பூசி மூடினேன். டிப்ளமோ முடித்து, ஊட்டியில் ஓர் ஒப்பந்ததாரரிடம் மேற்பார்வையாளராகச் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சுவர் ஒன்றரை அடி கனம். சூளைச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. ஒவ்வோர் ஆண்டும் ஆடி முடிவதற்குள் படுக்கையறைக்குள் ஓதம் ஏறி, காரை உப்பி, அலமாரித் துணிகளில் பூசணம் பிடிக்கிறது என்பது அங்கே குடியிருந்த மேலாளரின் குறை. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நான்கு சிமென்ட் கலவையில் நீர்த்தடுப்புத் திரவம் சேர்த்துப் பூசி, மேலே வெளிச்சுவர் பெயின்ட் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தோம். அந்த ஆண்டு மழைக்கு அறைக்குள் ஈரமே தெரியவில்லை. மேலாளர் மகிழ்ந்தார், எனக்கும் பெருமையாக இருந்தது.

2007-ஆம் ஆண்டு தை மாதத்தில் அங்கிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. ஓதம் பழைய இடத்திலிருந்து மூன்றடி மேலே ஏறியிருந்தது. வெளிப்பூச்சைத் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பானையைத் தட்டுவது போன்ற ஓசை. எங்களுடன் வந்த பெரிய கொத்தனார், காரமடைக்காரர், உளியை ஓரத்தில் கொடுத்து நெம்பியதும், கதவு அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் செங்கற்களின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எத்தனையோ பருவமழைகளைத் தாங்கி நின்ற செங்கல், விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. “உள்ள போன தண்ணி வெளிய வர்றதுக்கு ஒரு வழி இருந்துச்சுங்க சார். அந்த வழியத்தான் நாம பூசி அடைச்சுப்போட்டோம்” என்றார் அவர். ‘நாம’ என்று அவர் தம்மையும் சேர்த்துச் சொன்னது பெருந்தன்மை. முதல் முறையே சுண்ணாம்பு போடலாம் என்று அவர் சொன்னபோது, அதற்கெல்லாம் நாள் இல்லை என்று மறுத்தவன் நான்.

அன்று நடந்ததை முழுமையாகப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. செங்கல் நீரைக் குடிக்கும் பொருள். 24 மணி நேரம் ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை ஏற்கலாம் என்று இந்தியத் தர விதியே இடம் தருகிறது. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் அதேபோல் நீரை வாங்கும்; ஆனால் வெயிலும் காற்றும் பட்டவுடன் வாங்கியதைத் திருப்பி விட்டுவிடும். சிமென்ட் பூச்சு இறுக்கமானது. அடியில் இருக்கும் பழைய சுவர் வெப்பத்துக்கும் குளிருக்கும் ஏற்ப அசையும்போது, அது கூடவே அசைந்து கொடுக்காமல் மயிரிழை அளவில் வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியே சாரல் உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியேறுவதற்கோ சுவர் முழுவதும் இருந்த பரப்பு இப்போது இல்லை. உள்ளே தேங்கிய நீர் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்து, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே கொண்டு வந்து சேர்க்கிறது. உலரும் நாட்களில் அந்த உப்பு நுண்துளைகளுக்குள்ளேயே படிகமாக வளர்ந்து, செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து பிளக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்திருந்தால் அதே உப்பு வெளியே வெள்ளையாகப் பூத்திருக்கும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுத்திருக்கலாம்.

இந்த மலையின் பழைய கட்டடங்களைக் கட்டியவர்களுக்கு வேறு பொருள் கிடைக்கவும் இல்லை. கோத்தகிரி கன்னேரிமுக்கில், அப்போது கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் பங்களா கட்டினார். ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் என்ற தம் வீட்டின் வேலையை 1822-இல் தொடங்கினார். ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல்தான். நீலகிரியின் பாறை சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை. அதைச் சூளையில் இட்டாலும் சுண்ணாம்பு ஆகாது. எனவே சுண்ணாம்பு கீழ்நாட்டிலிருந்து மலைப்பாதை ஏறித்தான் வந்திருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த பொருளை நாம் இன்று ‘பொக்கைக் காரை’ என்று சொல்லிக் கொத்திக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கல் கட்டடத்தின் கதை சற்று வேறு. சார்னோக்கைட் ஏறத்தாழ நீரே வாங்காத கல். கல் குடிக்காத மழையெல்லாம் சுவரில் வழிந்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து அடைத்த சந்துகளுக்குத்தான் வந்து சேரும். கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய கல் கட்டடத்தில், யாரோ முன்பு சந்துகளில் சிமென்டை அப்பி, அழகுக்காகக் கல்லின் மேலும் ஒரு விரற்கடை ஏறும்படி வரி போட்டிருந்தார்கள். கல்லுக்கும் அந்த வரிக்கும் இடையே காகிதம் நுழையும் அளவுக்குப் பிளவு. வரியின் மேல்விளிம்பில் தங்கிய தண்ணீர் முழுவதும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது, ஆகவே அங்கே கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும்தான் மிகவும் கெட்டிருந்தன. நடுவட்டம், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவம் அடிப்பதால் மேற்குச் சுவர் கெடும். எந்த ஊரில் எந்தச் சுவரை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இப்போது வண்டியை விட்டு இறங்கும் முன்பே மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

அந்தச் சிமென்ட் வரியை எடுக்க இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டர் ஒருமுறை வழுக்கினால் கல்லின் விளிம்பு போய்விடும். ஒல்லி உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, சந்தின் அகலத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கொத்தி எடுத்தோம். தூசியைத் தூரிகையால் கூட்டி, சந்தை நனைத்து, குழியில் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணலும், அதில் சிறிதளவுக்குச் செங்கல் பொடியும் சேர்த்து அழுத்தி அடைத்தோம். ஈரக் காற்றிலும் சாந்து இறுகுவதற்குச் செங்கல் பொடி உதவும். சாந்து கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளேயே நின்றது. வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் மீண்டும் கல்லாகிறது. அதை அவசரப்படுத்த முடியாது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும்போது இந்த வேலையைத் தொடங்கவே கூடாது, ஏனெனில் பச்சைச் சாந்தில் இருக்கும் நீர் உறைந்து ஒன்பது விழுக்காடு பெருத்தால் சாந்து பொரிந்துவிடும்.

ஆனால் சாந்தைப் பற்றிப் பேசும் முன் பேச வேண்டியவை கூரையும் தரையும். நடுவட்டத்தில் 2004-ஆம் ஆண்டு நான் ஏணி வைத்து ஏறியிருந்தால், மேற்கு இறவாணத்தின் தகரத் தூம்பு முழுவதும் கற்பூர மர இலை அடைத்து, மழை நீர் தூம்பின் பின்விளிம்பு வழியே சுவரின் தலையில் இறங்குவதைப் பார்த்திருப்பேன். ஏறவில்லை. நோய் தெரிந்த இடத்தில் மருந்து தடவிவிட்டு வந்தேன். இப்போது எங்கள் வேலையாட்கள் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் நாள் சுத்தியல் எடுப்பதில்லை. கூரை ஓடு, தகரத்தின் ஆணித் துளை, புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்து ஈயத்தகடு, தூம்பின் வாட்டம், கீழே இறங்கும் குழாயின் மூட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். மழை பெய்யும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. குடையுடன் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பதற்கு ஈடான கருவி எதையும் நான் இதுவரை வாங்கவில்லை. ஜன்னல் சன்ஷேட்டின் அடியில் ஒரு விரற்கடைப் பள்ளம் இல்லையென்றால், முனைக்கு வந்த நீர் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரைத் தொடும். இவ்வளவு சிறிய பள்ளம் எத்தனை சுவர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது.

தரை இந்த மலைக்கே உரிய தொல்லை. இங்கே பெரும்பாலான வீடுகள் சரிவை வெட்டி எடுத்த இடத்தில் நிற்கின்றன. பின்சுவருக்கு இரண்டடி தள்ளி மண் கரை நிற்கும். ஆண்டுகள் போகப் போக அந்தக் கரை சரிந்து, இடைவெளி மண்ணால் நிரம்பி, மேலே யாரோ பூச்செடி வைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரையெல்லாம் ஊற்று எடுக்கும்போது, அந்த மண் ஊறிய பஞ்சைப் போலப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். செங்கல்லின் நுண்துளைகள் வழியே அந்த ஈரம் ஒரு மீட்டர் உயரம் வரை தானாகவே ஏறக்கூடியது. இதற்கு உட்சுவரில் எதைப் பூசியும் பயன் இல்லை. மண்ணை வீட்டுத் தளத்துக்கு அரையடி கீழே வரும்வரை அள்ளி எடுக்க வேண்டும். கரையின் அடியில் வாய்க்கால் வெட்டிச் சரளை நிரப்பி, தண்ணீரைப் பக்கவாட்டில் சரிவுக்கு இறக்கிவிட வேண்டும். கரைச்சுவரில் கசிவுத் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். மண்வெட்டி வேலைதானே என்று வீட்டுக்காரர்கள் இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். மதிப்பீட்டில் நான் முதலில் எழுதுவதும், அவர்கள் முதலில் அடிப்பதும் இந்த வரியைத்தான். பூச்செடிகளை எடுக்கச் சொன்னதற்காகவே ஒரு வேலை கைவிட்டுப் போனது உண்டு.

ஈரமெல்லாம் வெளியிலிருந்து வருவதும் அல்ல. ஊட்டியில் ஒரு வீட்டில் நீர்விலக்குப் பூச்சு அடித்துத் தரச் சொன்னார்கள். வாங்கும் முன் ஈரச் சுவரில் ஒரு சாண் அளவு அலுமினியத் தாளின் நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டேன். தாளின் பின்புறம் உலர்ந்திருந்தது. அறையைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாக நீர். அறைக்குள் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் படிந்ததே அந்த ஈரம். ஒவ்வோர் அறையிலும் இருந்த கணப்பைப் பலகை வைத்து மூடி, புகைபோக்கியின் வாயையும் அடைத்திருந்தார்கள். காற்று போகும்படி, மழை இறங்காதபடி புகைபோக்கிக்கு ஒரு தொப்பி போட்டதோடு வேலை முடிந்தது. அந்த வீட்டில் பூச்சு வாங்கவே இல்லை.

கடைகளில் கிடைக்கும் சிலேன் வகை நீர்விலக்கிகளைப் பற்றி நான் கெட்டதாக மட்டும் சொல்லமாட்டேன். அவை பெயின்ட் போலப் படலம் கட்டாமல் துளைகளுக்குள் இறங்கி நீரைத் தள்ளுகின்றன, ஆவியை விடுகின்றன. கூரை, தரை, சந்து எல்லாம் சரியாகி, சுவர் உலர்ந்து, உப்பும் இல்லை என்ற நிலையில், சாரல் நேராக அடிக்கும் ஒரு சுவருக்கு அவை உதவலாம். ஈரச் சுவரிலோ உப்பேறிய சுவரிலோ அடித்தால், நடுவட்டத்தில் நான் செய்ததையே வேறொரு பொருளால் செய்ததாக ஆகும்.

அந்தச் சுவரை 2007-ஆம் ஆண்டு எங்கள் செலவில் திருத்திக் கொடுத்தோம். தூம்பை மாற்றி, கெட்ட செங்கற்களை எடுத்து அதே மென்மையுள்ள பழைய செங்கல் தேடி வைத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். சுவர் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் கணக்கு; பதினெட்டு அங்குலத்துக்கு ஒன்றரை ஆண்டு. மேலாளரிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் எழவில்லை. அவர் நம்புவதற்காக, அலமாரிக்குப் பின்னால் ஓதத்தின் மேல்விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் அடுத்த கோடு போட்டேன். மழைக்காலத்தில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. பனிக்காலத்தில் ஒரே தாவலில் ஒரு சாண் இறங்கியது. 2009-ஆம் ஆண்டு மாசியில் கடைசிக் கோடு தரைப்பலகையைத் தொட்டது.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் முழுவதும் எனக்கு இந்தச் சுவரின் நினைவுதான். சாலை திறந்ததும் போனேன். சுவர் நனைந்துதான் இருந்தது. உட்புறம் முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. புது மேலாளர் என்ன பூசலாம் என்று கேட்டார். அலமாரியை நகர்த்தச் சொல்லி, பழைய கோடுகளைக் காட்டி, புதிய ஈரத்தின் விளிம்பில் இன்னொரு கோடு போட்டுவிட்டு, தை வரை ஜன்னலைப் பகலில் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தை மாதம் அவரே அழைத்து, கோட்டுக்குக் கீழே சுவர் வெளுத்துவிட்டது என்றார். அடுத்த கோடையில் அந்த அறைக்கு வெள்ளையடித்தபோது, அலமாரிக்குப் பின்னால் கோடுகள் இருக்கும் ஒரு முழ அகலத்தை மட்டும் விட்டுவிடுமாறு அடிப்பவரிடம் கேட்டுக்கொண்டேன்.